மணல் போற வழி

ஜூன் 10, ஒகேனக்கல்

ரொம்ப நாளா மனசுல வச்சிருந்த பயணம் இது, இன்னைக்குத்தான் கிளம்ப முடிஞ்சுது. நான் ஜியாலஜி படிச்சவ, இப்ப ஸ்கூல்ல பாடம் எடுக்குறேன். ஆறு செய்யுற வேலை மூணு, அரித்தல் கடத்தல் படியவைத்தல்னு போர்டுல எழுதிப் போட்டா பசங்க அப்படியே மனப்பாடம் பண்ணி பரிச்சையில எழுதிட்டுப் போயிடுறாங்க, ஆனா அவங்க உட்கார்ந்திருக்குற தரையே காவிரி சுமந்துகிட்டு வந்து போட்ட மண்ணுதாங்குறது ஒருத்தருக்கும் உறைக்கல, அது எனக்கு ஒவ்வொரு வருஷமும் உறுத்திக்கிட்டே இருக்கு. அதான் இந்த லீவுல நானே போய் மேலருந்து கடல் வரைக்கும் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கைப்பிடி எடுத்துட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். கையில எட்டு காலி ஊறுகாய் பாட்டில், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்கேல். மேட்டூரை வர்ற 12ஆம் தேதி திறக்குறாங்க, அந்தத் தண்ணி கூடவே இறங்கிப் போறதா பிளான்.

துணைக்கு பெரியப்பா. பொதுப்பணித்துறையில முப்பது வருஷம் லஸ்கரா இருந்தவர், கல்லணைக்குக் கீழ ஷட்டர் ஏத்தி இறக்கி உள்ளங்கை காய்ச்சுப் போனவர், ஆனா மேட்டூருக்கு மேல காவிரியைப் பார்த்ததே இல்லையாம். "நீ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ பாப்பா"ன்னு பொங்கல்லயே சொல்லி வச்சுட்டார்.

தண்ணி கம்மியா இருந்ததால பாறை நிறைய வெளிய தெரிஞ்சுது. பரிசல்காரர் ஒரு பாறைத் திட்டுல எங்களை இறக்கி விட்டார். பாறை நெடுக குழி குழியா இருக்கு, சின்னது பானை வாய் அளவு, பெருசு கிணத்து உறை அளவு. ஒரு குழிக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். சுவரெல்லாம் ஆட்டுக்கல் உள்பக்கம் மாதிரி வழவழன்னு இருக்கு, அடியில ஆறேழு உருண்டைக் கல்லு கிடக்குது. அதுதான் குழவி. வெள்ளம் வர்றப்ப சுழல்ல மாட்டுன கல்லு சுத்திச் சுத்தி பாறையையும் அரைச்சுத் தானும் தேஞ்சு போகும், அப்படி அரைஞ்ச மாவுதான் கீழ மணலாவும் வண்டலாவும் போகுது. வெறும் தண்ணி இந்தப் பாறையைப் பெருசா ஒண்ணும் பண்ணிடாது, தண்ணி கையில கல்லு கிடைச்சாத்தான் அதுக்குப் பல்லு முளைக்கும்.

பெரியப்பா அந்த உருண்டைக் கல்லுல ஒண்ணை எடுத்து ரொம்ப நேரம் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தார். முதல் பாட்டில்ல பொடிக்கல்லும் பரும்படி மணலும் அள்ளிக்கிட்டேன். மணல்ல முனை இன்னும் மழுங்கல, விரல்ல தேய்ச்சா குத்துது.

ஜூன் 11, மேட்டூர்

அணைக்கட்டைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. 1934ல முடிஞ்சது, நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நான் பார்க்க வந்தது அந்த டிஎம்சியில தண்ணிக்குப் பதிலா வண்டல் நிரம்புன பங்கை.

சாயங்காலம் பண்ணவாடிப் பக்கம் போனோம். தண்ணி நல்லா இறங்குனா பழைய கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் தலைகாட்டுற இடம். நீர்த்தேக்கத்து ஓரம் முழுக்க வெடிச்ச சேறு, ஒவ்வொரு கட்டியும் ஓடு மாதிரி ஓரம் மேல வளைஞ்சு நிக்குது. ஒரு கட்டியைப் பெயர்த்து உடைச்சுப் பார்த்தா உள்ள மெல்லிசு மெல்லிசா அடுக்கு, வெளிர் பழுப்பு ஒண்ணு, கரும்பழுப்பு ஒண்ணு, திரும்ப வெளிர். வெள்ளம் கலங்கலா வந்து பரும்படியா இறக்குனது ஒரு அடுக்கு, அப்புறம் தண்ணி அசையாம நிக்குறப்ப பொடியா இறங்குனது அடுத்தது. ஒகேனக்கல்லுல அந்த வேகத்துல வர்ற ஆறு இங்க வந்ததும் ஏரியாகி நின்னுடுது, நின்னதும் சுமையை இறக்கி வச்சுடுது. கனமான மணல் நீர்த்தேக்கம் ஆரம்பிக்குற மேல்கோடியிலயே விழுந்துடும், பொடி வண்டல்தான் அணைக்கட்டு பக்கம் வரைக்கும் மிதந்து வரும். இப்படி 1934ல இருந்து சேர்ந்துக்கிட்டே இருக்கு, 2017லதான் முதல்முறையா இங்க தூர் வாரி விவசாயிங்களுக்கு வண்டல் எடுத்துக்க விட்டாங்க, 83 வருஷம் கழிச்சு.

அந்த ஓரத்துல ஒரு விவசாயி கடலைக்காட்டுக்குன்னு ஏற்கெனவே அடிச்சு வச்ச வண்டல் குவியலைக் காட்டுனார். "இது போட்டா ரெண்டு வருஷத்துக்கு உரம் கம்மியா போட்டாப் போதும்ங்க"ன்னார். பெரியப்பா முகம் மாறிடுச்சு. "இது எங்க ஊருக்கு வர வேண்டிய மண்ணு"ன்னு மெதுவா சொன்னார். கோபமா சொல்லல, பங்காளி வீட்டுல நம்ம பாத்திரத்தைப் பார்த்தா ஒரு மாதிரி இருக்குமே அந்த மாதிரி.

ரெண்டாவது பாட்டில் இந்த வண்டல்.

ஜூன் 12, மேட்டூர்

காலையில திறந்தாங்க. மதகுல தண்ணி வந்ததும் கூட்டம் பூ தூவுச்சு, ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே அழுதாங்க, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. மூவாயிரம் கனஅடியில ஆரம்பிச்சு படிப்படியா ஏத்துவாங்க.

நான் கவனிச்சது தண்ணி நிறத்தை. நுரை வெள்ளையா இருக்கு, நுரை அடங்குன இடத்துல பச்சை. கலங்கலே இல்ல. பார்க்க அழகு, ஆனா ஆத்தைப் படிச்சவங்க இதை பசிச்ச தண்ணின்னு சொல்லுவாங்க. ஓடுற தண்ணிக்கு அதோட வேகத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு அளவு மண்ணைச் சுமக்குற தெம்பு இருக்கு, அந்தச் சுமையை அணை பிடுங்கி வச்சுக்கிட்டா வெறுங்கையோட வெளிய வர்ற தண்ணி கீழ கிடைக்குறதை எடுக்கும், ஆத்தோட அடியைத் தோண்டும், கரையைக் கரைக்கும். அதனால அணைக்குக் கீழ கொஞ்ச தூரத்துக்கு மெல்லிசு மணலெல்லாம் போயி பாறையும் கூழாங்கல்லும்தான் மிஞ்சி நிக்கும். இன்னைக்கு அதையும் பார்த்தேன். மூணாவது பாட்டில்ல போட ஒரு பிடி மணல் தேட அரை மணி நேரம் ஆச்சு.

ஜூன் 13, பவானி, கொடுமுடி

இன்னைக்கு முழுக்க பஸ்ஸுதான். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டைன்னு வழி நெடுக மின்சாரத்துக்காக கதவணை, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஆறு குளமாட்டம் நிக்குது. கூடுதுறையில பவானி வந்து சேருது. கொடுமுடியில இதுவரைக்கும் தெக்க வந்த ஆறு கிழக்க திரும்புது. வெயில் தாங்கல, பெரியப்பாவுக்குக் கால் வீக்கம், சீக்கிரமே ரூம் போட்டுட்டோம். ராத்திரி மொட்டைமாடியில மூணு பாட்டில்லயும் தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சேன். ஒகேனக்கல் மணல் நான் பாட்டிலைக் கீழ வைக்குறதுக்குள்ள அடியில உட்கார்ந்துடுச்சு. மேட்டூர் வண்டல் பாட்டில் தூங்கப் போற வரைக்கும் டீ நிறத்துலயே இருந்துச்சு.

ஜூன் 14, முசிறி

அகண்ட காவிரின்னு சும்மா சொல்லல. மாயனூர் கதவணை தாண்டுனதும் ஆறு விரிய ஆரம்பிச்சு, குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவுல பாலத்துல நின்னா அக்கரையில நிக்குற ஆளு எறும்பாட்டம் தெரியுறான். சரிவு குறைஞ்சு போச்சு, அகலம் கூடிப் போச்சு, அதனால ஆறு சுமந்து வந்த மணலையெல்லாம் இங்கதான் பரப்பி வச்சிருக்கு. மத்திய நீர் ஆணையம் முசிறியில ஸ்டேஷன் வச்சு ஆத்துல எவ்வளவு தண்ணி போகுது, அதுல எவ்வளவு வண்டல் போகுதுன்னு ரொம்ப வருஷமா அளக்குறாங்க. படிக்குற காலத்துல அந்த நம்பர்களை கிராஃப்ல போட்டிருக்கேன், இன்னைக்குத்தான் அந்த நம்பர் வந்த மணல்ல கால் வச்சேன்.

காலையில ஆத்துல குடிதண்ணிக்குன்னு விடுற தண்ணி மட்டும் ஒரு ஓரமா கணுக்கால் அளவுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி. அதுக்குள்ள குனிஞ்சு உட்கார்ந்துட்டேன். அடி மணல்ல சின்னச் சின்ன அலை வரி, கூரையில ஓடு அடுக்குன மாதிரி. ஒரே வரியை உத்துப் பார்த்தா ஒவ்வொரு மணலும் அந்த மேட்டுல மேல்பக்கமா உருண்டு தாவித் தாவி ஏறி, உச்சிக்கு வந்ததும் அந்தப்பக்கம் சரிவுல பொத்துன்னு விழுந்து மூடிப் போகுது. அது மேல அடுத்தது விழும். பின்பக்கத்து மணல் தீரத் தீர புதைஞ்சது திரும்ப வெளிய வரும், திரும்ப ஏறும். இப்படியே அந்த வரி முழுசும் நகருது. ஒரு தீக்குச்சியை வரி உச்சியில செருகி வச்சுட்டு வாட்சைப் பார்த்தேன், பத்து நிமிஷத்துல வரி ரெண்டு விரக்கடை கிழக்க போயிருந்துச்சு. அணை வர்றதுக்கு முன்னாடி இப்படி உருண்டும் தாவியும்தான் ஒகேனக்கல் பாறை கடலுக்குப் போச்சு, நடுவுல எத்தனை வருஷம் புதைஞ்சு கிடந்து எத்தனை வெள்ளத்துல எழுந்து போச்சோ. பெரியப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பக்கத்துல வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் ஆத்துல வேலை பார்த்திருக்கேன், மணல் நடந்து பார்த்ததில்லைன்னார். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அங்கயே இருந்தோம்.

மதியம் மூணரைக்கு பாலத்து மேல சத்தம், "வருது வருது"ன்னு பசங்க கத்துனாங்க. மேட்டூர் தண்ணி. அணை உடைஞ்ச மாதிரி சுவரா வரும்னு நினைச்சா அப்படி இல்ல, நாக்கு நீட்டுற மாதிரி மெதுவா, பள்ளம் பார்த்துப் பார்த்து, முன்னாடி ஒரு நுரைக் கோடும் சருகும் பிளாஸ்டிக் கப்பும் தள்ளிக்கிட்டு வருது. காய்ஞ்ச மணல் மேல தண்ணி ஏறுன இடத்துல எல்லாம் மணலுக்குள்ள இருந்த காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு குமிழ் விட்டு வெளிய வருது, ஆயிரம் குமிழ், அந்தச் சத்தம் எண்ணெய்ச் சட்டியில அப்பளம் போட்ட மாதிரி. நனைஞ்ச மணலை எடுத்து மோந்து பார்த்தேன், புதுமழை வாசம்.

முக்கியமா ஒண்ணு. மேட்டூர்ல பச்சையா பார்த்த தண்ணி இங்க பழுப்பா இருக்கு. வழியில பசியாறிட்டு வந்திருக்கு.

நாலாவது பாட்டில், முசிறி மணல். முனை மழுங்கிடுச்சு, சீனி மாதிரி ஒரே சைஸ், பூதக்கண்ணாடியில பார்த்தா பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், சுலபமா தேயாத கனிமம். மத்த கனிமம் எல்லாம் வழியில கரைஞ்சும் பொடிஞ்சும் போச்சு, அதுங்கதான் களிமண்ணா முன்னாடியே போயிட்டிருக்கு.

ஜூன் 15 காலை, முக்கொம்பு

இங்க காவிரி ரெண்டா பிரியுது, தெக்க காவிரி, வடக்க கொள்ளிடம். நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. அரங்கம்னாலே ஆத்துக்கு நடுவுல இருக்குற திட்டுதான், ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கம்னு மூணு ரங்கமும் காவிரி வளைச்சு வச்ச தீவு.

இந்த இடத்தோட கதை முழுக்க மணல் கதை. கொள்ளிடம் நேரான வழி, சரிவு ஜாஸ்தி. காவிரி வளைஞ்சு வளைஞ்சு போற மெதுவான வழி. அதனால தண்ணி கொள்ளிடம் பக்கமே சாயும், காவிரி பிரிஞ்சு தொடங்குற தலைப்புல வேகம் குறைஞ்சு மணல் மேடு தட்டும், மேடு தட்டத் தட்ட இன்னும் தண்ணி கொள்ளிடத்துக்குப் போகும். 1800களோட ஆரம்பத்துல தஞ்சாவூர்ப் பக்கம் பாசனமே படுத்துப் போற நிலைமை. அப்பத்தான் வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836ல இருந்து 38க்குள்ள கொள்ளிடத்துக்குக் குறுக்க இங்க மேலணையும் கீழ அணைக்கரையில கீழணையும் கட்டுனார். கட்டுனதும் என்னாச்சு, காவிரிக்கு அளவுக்கு மீறி தண்ணி போய் காவிரி அடி தோண்ட ஆரம்பிச்சுடுச்சு, அதைத் தடுக்க காவிரித் தலைப்புலயும் அடியில ஒரு தடுப்பு போட வேண்டியதாப் போச்சு. லேன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1955ல இதை ஒரு தராசா சொன்னார். ஒரு தட்டுல மணலோட அளவும் பருமனும், இன்னொரு தட்டுல தண்ணியும் சரிவும். ஒரு தட்டுல கை வச்சா ஆறு மேடு தட்டியோ பள்ளம் பறிச்சோ முள்ளை நேராக்கப் பார்க்கும். காட்டன் தண்ணித் தட்டுல கை வச்சார். நம்ம காலத்துல மணல் தட்டுலயே கை வச்சுட்டோம், மேல அணையில நிறுத்தி, கீழ லாரியில அள்ளி.

இதை நான் கணக்கா மட்டும் சொல்லல. நான் எட்டாவது படிக்குறப்ப எங்க ஸ்கூல் அண்ணன் ஒருத்தன் கொள்ளிடத்துல குளிக்கப் போய் மணல் அள்ளுன குழியில இறங்கிட்டான். மேல முழங்கால் தண்ணிதான், அடுத்த அடியில ஆள் முழுகுற பள்ளம். அவன் பெயரை எழுத எனக்கு இப்பவும் கை வரல. குழியைச் சுத்தி ஒரு கொம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தாக்கூட போதும். ஆறு தானா இப்படிக் கிணறு மாதிரி செங்குத்தா பள்ளம் தோண்டாது, அதனாலதான் ஆத்தோரத்துல பிறந்த பசங்களுக்கே அது தெரியாம போகுது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இங்க மேலணையில ஒன்பது ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போனதும், அதே மாசம் திருச்சியில 1928ல கட்டுன பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தோட தூண் சாஞ்சதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தூணைத் தாங்குறது சுத்தி இருக்குற மணல்தான். பாலம்னா மேல பார்க்குறோம், அடியில மணல் மட்டம் எங்க இருக்குன்னு பார்க்குறவங்க ரொம்பக் கம்மி.

ஜூன் 15 சாயங்காலம், கல்லணை

பெரியப்பா ராஜ்ஜியம். பஸ்ஸை விட்டு இறங்குனதும் நடையே மாறிடுச்சு. டூட்டியில இருந்த ஒரு அண்ணன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, கால் எப்படியிருக்கு, மேல ஏறாதீங்க நான் தூக்குறேன்"னு. நெல்லும் மலரும் தூவி ஷட்டரைத் தூக்குனாங்க. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு நாலு பக்கம் பங்கு. புது ஆறுங்குற கல்லணைக் கால்வாய் மேட்டூரோட சேர்ந்து வந்தது, பெரியப்பா தலைமுறைக்கு அது இன்னமும் புது ஆறுதான்.

கரிகாலன் காலத்துல தொடங்குனதுன்னு சொல்ற இந்த அணையை அடிக்கடி பெருமையா பேசுறோம், பெருமை எதுலன்னு பேசுறது கம்மி. பாறையே இல்லாத வெறும் மணல்ல கட்டியிருக்காங்க. கடற்கரையில அலையில நின்னா காலுக்கு அடியில மணல் அரிச்சு கால் உள்ள இறங்குமே, அதே சங்கதியை வேலைக்காரனா ஆக்கிட்டாங்க. பெரும்பாறையைப் போட்டா தண்ணி அதுக்கு அடியில மணலை அரிக்கும், பாறை புதையும், அது மேல இன்னொண்ணு, அதுவும் புதையும், இனிமே இறங்காதுங்குற வரைக்கும், நடுவுல களிமண் பூசி. காட்டன் இங்க இருந்துதான் மணல்ல அஸ்திவாரம் போடக் கத்துக்கிட்டதா அவரே ஒத்துக்கிட்டார், அந்தப் பாடம்தான் அப்புறம் கோதாவரியில தவளேஸ்வரம் அணையா எழுந்துச்சு. அவரும் இங்க 1830 வாக்குல மணல் போக்கி வச்சார், அணைக்கு முன்னாடி சேர்ற மணலை அடி மதகு வழியா கொள்ளிடத்துக்குத் தள்ளி விட. தண்ணியைத் தடுக்கணும், மணலைத் தடுக்கக் கூடாது, அதுதான் இங்க சூட்சுமம்.

பெரியப்பா சொன்ன ஒரு விஷயம் எந்தப் புக்குலயும் நான் படிக்கல. புதுத்தண்ணி வர்ற அன்னைக்கு ஷட்டரை எடுத்ததும் முழுசா தூக்கக் கூடாதாம், ஒரு சாண் தூக்கி அடியில சீறவிட்டா தேங்குன மணல் கிளம்பிடும், எடுத்ததும் முழுசா தூக்குனா தண்ணி சோம்பிப் போய் மேலாக்க போயிடும், மணல் அங்கயே படுத்துக்கும். "ஷட்டர் கம்பியில கை வச்சா தெரியும் பாப்பா. மணல் போறப்ப ஒரு மாதிரி அதிரும், வெறும் தண்ணின்னா அந்த அதிர்ச்சி வராது." நான் கையை வச்சுப் பார்த்தேன். கரகரன்னு மெல்லிசா, மாவு மெஷின்ல கை வச்ச மாதிரி. அஞ்சாவது பாட்டில் அந்த மதகுக்குக் கீழ எடுத்தது.

ஜூன் 16, எங்க ஊரு, திருப்பூந்துருத்தி பக்கம்

திருவையாறு வழியா வீட்டுக்கு வந்துட்டோம். காவிரியும் குடமுருட்டியும் ஓடுற ஊரு. துருத்தின்னாலும் ஆத்துக்கு நடுவுல மிதக்குற திட்டுன்னுதான் அர்த்தம், மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்துக்கும் பழைய பேரு திருத்துருத்தி. தேவாரம் பாடுன காலத்துலயே இந்த இடத்தை ஆறு வளைச்சு மேடா போட்டிருக்கு, ஊர்க்காரங்க அதைப் பார்த்தே பேர் வச்சிருக்காங்க.

எங்க கொல்லையில இருந்து பார்த்தா ஒண்ணு தெரியும். ஆத்தங்கரை மேடு, கரையிலருந்து வயலுக்குப் போகப் போக சரிவு. மத்த இடத்துல ஆறு பள்ளத்துல ஓடும், டெல்டாவுல ஆறு மேட்டு முதுகுல ஓடும். காரணம் வெள்ளம்தான். கரை மீறுன தண்ணி வெளிய வந்ததும் வேகம் குறைஞ்சு பரும்படி மணலைக் கரையோரத்துலயே போட்டுடும், பொடி வண்டல் கொஞ்சம் தள்ளி, களி ரொம்பத் தூரம் போய் வயல்ல படியும். கரை மேட்டுல ஊரும் கோயிலும் வாழையும், தள்ளி நெல்லுங்குற நம்ம ஊரு அமைப்பே அதை ஒட்டி வந்ததுதான். மேட்டுல ஆறு ஓடுறதாலதான் மோட்டார் இல்லாம மதகைத் திறந்தாலே வயலுக்குத் தண்ணி பாயுது.

பக்கத்துல குட்டை வெட்டுறாங்க, ஆள் உயரத்துக்கு வெட்டுச் சுவர். மேல ஒரு முழம் கறுப்புக் களி, அடியில பழுப்பு வண்டல், அதுக்கடியில நாலு விரல் கனத்துக்கு சுத்த மணல், திரும்பக் களி, அதுல ஒரு கருகுன வேர், மறுபடி மணல். ஒவ்வொரு மணல் பட்டையும் ஒரு காலத்துல ஆறு இந்தப் பக்கமா வந்து போனது. நான் அந்தச் சுவத்துல ஸ்கேல் வச்சு அளந்து நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தப்ப அப்பாயி குச்சி ஊனிக்கிட்டு வந்து எட்டிப் பார்த்தாங்க.

பாட்டில்களை வரிசையா திண்ணையில வச்சேன். கல்லு, வண்டல், பொறுக்கு மணல், சீனி மணல், மாமணல், இப்ப ஆறாவதா இந்தக் களி. அப்பாயி ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்துட்டு, "ஆறு கொழிச்சு வச்சிருக்கு"ன்னாங்க.

எனக்குப் பொசுக்குன்னு ஆகிடுச்சு. அப்பாயி முறத்துல குருணை கொழிக்கிறதை சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன், முறத்தைச் சாய்ச்சு தட்டித் தட்டி ஆட்டுனா கல்லு ஒரு ஓரம், குருணை ஒரு ஓரம், மாவு ஒரு ஓரம்னு தானா பிரிஞ்சு நிக்கும். ஆறு செய்யுறது அச்சா அதேதான். ரெண்டு வருஷம் காலேஜ்ல அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு படிச்சேன், தமிழ்ல பசங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். கொழிமணல், வண்டல் கொழிக்குதுன்னு நாமளே பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், காதுல விழல.

ஜூன் 17, அணைக்கரை, கொள்ளிடத்துத் திட்டு

அணைக்கரையில டீ குடிச்சு கீழணையைப் பார்த்துட்டு நேரா கொள்ளிடம் முகத்துவாரப் பக்கம் போனோம். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல். இந்தப் பேரைச் சத்தமா சொல்லிப் பாருங்க, ஊர்ப் பேரே ஆறு என்ன செஞ்சுதுன்னு சொல்லுது. ஆத்துக்கு உள்ளயே இருக்குற ஊருங்க. மேல உபரித்தண்ணி திறந்தா வீட்டைப் பூட்டிட்டு முகாமுக்குப் போகணும். ஒரு அக்கா வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கறையைக் காட்டுனாங்க, என் இடுப்பு உயரம். "ஏங்க்கா வேற இடத்துக்குப் போகல"ன்னு கேட்டேன். "தண்ணி வடிஞ்சதும் இந்த மண்ணுல எதைப் போட்டாலும் வருது, இதை விட்டுட்டு எங்க போறது. ஆனா இப்பல்லாம் வெள்ளம் வந்தா மண்ணு போட்டுட்டுப் போறதில்ல, கொல்லையை அறுத்துட்டுல்ல போகுது"ன்னாங்க. அவங்க வாழைத்தோட்டத்துக் கரை செங்குத்தா அறுபட்டு, வாழை வேரு அந்தரத்துல தொங்குது. தராசு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு அந்த வேரைப் பார்த்தாலே தெரியுது. எனக்கு அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல, ஏழாவது பாட்டில்ல அந்தக் கரை மண்ணை எடுத்துக்கிட்டேன்.

ஜூன் 18, பூம்புகார்

தண்ணிக்கு முன்னாடியே வந்துட்டோம். காவிரியோட கடைசித் தடுப்பான மேலையூர் கடையணையில இன்னும் சொட்டுத் தண்ணி இல்ல, ஷட்டருக்கு அடியில கோரை முளைச்சுக் கிடக்கு. அங்கருந்து கடல் பக்கம்தான். முகத்துவாரத்துல காவிரி ஒரு வாய்க்கால் அகலம்தான், எதிர்ல கடல் மணலை வாரிப் போட்டு வாயை அடைச்சு வச்சிருக்கு. அகண்ட காவிரியைப் பார்த்த கண்ணுக்கு இது தாங்கல. பெரிய தண்ணியெல்லாம் வடக்க பழையாறு பக்கம் கொள்ளிடம் வழியா போயிடுது, மிச்சம் ஆயிரம் வாய்க்கால்ல வயலுக்குப் பிரிஞ்சுடுது, அது நியாயம்தான், நெல்லு விளையணும். ஆனா கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. அலை கரையோரமாவே மணலைத் தள்ளிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும், போனதை ஆறு கொண்டாந்து நிரப்புனாத்தான் கரை நிக்கும். இங்க கரையைக் காப்பாத்த கல்லு கொட்டியிருக்காங்க. ஆறு மணலா தர வேண்டியதை லாரியில கல்லா கொண்டாந்து போட்டிருக்கோம்.

கடைசியா ஒரு சோதனை. ரெண்டு டம்ளர்ல எங்க ஊரு களியைக் கொஞ்சம் போட்டு, ஒண்ணுல குடிக்குற தண்ணி, ஒண்ணுல கடல்தண்ணி ஊத்திக் கலக்கி கல்லு மேல வச்சேன். டீ வாங்கிட்டு வந்து பார்த்தா கடல்தண்ணி டம்ளர்ல பால் திரிஞ்ச மாதிரி திரி திரியா கட்டி அடியில இறங்க ஆரம்பிச்சிருக்கு, நல்லதண்ணி டம்ளர் கலங்குனது கலங்குனபடியே. களித் துகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்கும், உப்பு பட்டதும் அந்தத் தள்ளல் போய் ஒட்டிக்கும், ஒட்டுனா கனம், கனமானா இறங்கிடும். ஆறு அவ்வளவு தூரம் கீழ விடாம தூக்கிட்டு வந்ததை கடலைத் தொட்டதும் வச்சுடுது. டெல்டா இப்படித்தான் கடலுக்குள்ள வளர்ந்துச்சு.

டீக்கடை அம்மா, அவங்க பேத்தி, பெரியப்பா, மூணு பேரும் குனிஞ்சு அந்த டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பேத்தி "அக்கா, இன்னொரு தடவை கலக்குங்க"ன்னா. கலக்குனேன். அவ நூறு வரைக்கும் எண்ணுனா, அப்புறம் இன்னொரு நூறு. ரெண்டாவது நூறுல திரி கட்டுச்சு.

சாயங்காலம் கல்லணை அண்ணன் போன் பண்ணினார், தண்ணி கும்பகோணம் தாண்டிடுச்சாம். பெரியப்பா இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருந்து பார்த்துட்டுப் போகலாம்னார். எட்டாவது பாட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு. கடையணைக்கு எதிர்ல ஒரு திண்ணை இருக்கு, நாளைக்கு விடிஞ்சதும் அங்க போயிடுவோம்.